குப்பியோ: முந்தக் கூடாத பந்தயத்தின் ஊர்

ரோமாபுரியிலிருந்து புறப்பட்டு அப்பெனைன் மலைத்தொடரைக் கடந்து ஆத்ரியக் கடற்கரையைச் சென்றடையும் பழைய பிளாமீனியப் பெருவழி, குப்பியோ நகரத்தை ஒரு மலைக்கு அப்பால் விட்டுவிட்டுக் கிழக்கே ஒதுங்கிப் போயிற்று. நூற்றாண்டுகள் கழித்து வந்த பெரிய இருப்புப்பாதையும் அவ்விதமே ஒதுங்கிற்று. 1886-ல் அரேட்சோவிலிருந்து பொசாட்டோ வரையில் போடப்பட்ட ஒரு குறுகிய ரயில் பாதை இவ்வூரைத் தொட்டுக்கொண்டு சென்றது உண்மையே. ஆயினும் 1944-ல் யுத்தம் அதைப் பாழாக்கிய பிறகு, அதை மறுபடியும் போடவேண்டுமென்று அரசாங்கத்துக்குத் தோன்றவில்லை. ஆகையால் இத்தாலியின் நடுவே, உம்பிரியாப் பிரதேசத்தின் வடகிழக்கு மூலையில், இன்ஜீனோ மலையின் சரிவிலே, கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 520 மீட்டர் உயரத்தில் படிப்படியாக அடுக்கப்பட்டிருக்கும் இந்தச் சாம்பல் நிறக் கல்லூருக்குப் போக விரும்புகிறவர்கள், இன்றைக்கும் பொசாட்டோ நிலையத்தில் இறங்கி, 20 கிலோமீட்டர் தூரம் பஸ்ஸில்தான் போகவேண்டும். வழிதப்பி வருகிறவர்கள் இவ்வூருக்கு இல்லை. வரவேண்டுமென்று நினைத்தவர்களே வருகிறார்கள்.

அப்படி வருகிறவர்களில் ஒரு சாரார் அங்கே பார்க்க வருவது ஏழு வெண்கலத் தகடுகளை. 1444-ல் அகப்பட்டவை என்று சொல்லப்படும் அந்தத் தகடுகளை, 1456-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், பாவுலோ தி கிரெகோரியோ என்னும் ஒருவரிடமிருந்து நகரசபை விலைக்கு வாங்கிற்று. பணமாகக் கொடுக்காமல், மேய்ச்சல் வரி முதலிய சில வருமானங்களை இரண்டு ஆண்டுக் காலம் அவர் அனுபவித்துக்கொள்ளலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். ஒருவருக்கும் வாசிக்கத் தெரியாத ஒரு சாசனத்துக்காக, ஒரு சிறு நகரத்தின் பஞ்சாயத்தார் தங்கள் புல்வெளிகளின் வருவாயை விட்டுக்கொடுத்தார்கள் என்பது அந்த நகரத்தைப் பற்றி நாம் முதலாவதாக அறிந்துகொள்ளத் தக்க விஷயம். வாங்கிய நாள்தொட்டு இன்றுவரையில் அத்தகடுகள் அவ்வூரின் சொத்தாகவே இருந்து வருகின்றன.

அவற்றில் சில, எத்ருஸ்கர்களின் நெடுங்கணக்கிலிருந்து பிறந்ததும் வலமிருந்து இடமாகச் செல்வதுமான உம்பிரிய லிபியில் பொறிக்கப்பட்டவை. மற்றவை லத்தீன் லிபியில் பொறிக்கப்பட்டவை. பாஷை இரண்டிலும் ஒன்றே: லத்தீனுக்கு நெருங்கிய உறவுடையதும், ரோமர்களின் ஆதிக்கம் பரவியபோது வழக்கொழிந்து மடிந்துபோனதுமான உம்பிரிய பாஷை. அந்தப் பாஷையில் இன்று எஞ்சியிருக்கும் நூலென்று சொல்லத்தக்க ஒரே நீண்ட வாசகம் இதுதான். கி.மு. மூன்றாம் நூற்றாண்டுக்கும் முதல் நூற்றாண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் எழுதப்பட்ட இவற்றில் என்ன இருக்கிறதென்று அறிவதற்கு, கண்டெடுத்த பிறகு நானூறு ஆண்டுகள் பிடித்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், 1849-லிருந்து 1851-க்குள் வெளிவந்த ஒரு ஜெர்மானிய நூலே இந்தப் பாஷையின் இலக்கணத்தை முதன்முதலாக உறுதியான அஸ்திவாரத்தில் நிறுத்திற்று. அதை எழுதிய இருவரில் ஒருவர் கிர்க்ஹோப். மற்றவர் தியோடோர் ஆப்ரெக்ட். இந்த இரண்டாவது பெயரைக் கேட்டதும் நம் நாட்டு சமஸ்கிருத வித்துவான்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். ரிக்வேத சம்ஹிதை முழுவதையும் ரோமன் எழுத்தில் 1861 முதல் 1863 வரையில் பதிப்பித்தவரும், சமஸ்கிருத ஏட்டுச்சுவடிகள் அனைத்துக்கும் பேரட்டவணை தயாரித்தவருமான அதே ஆப்ரெக்ட்தான் இவர். அவருடைய அட்டவணையைப் புதுக்கி விரிவாக்கும் பெரும்பணியைப் பின்னர் சென்னைப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டது. அதன் முதல் தொகுதி 1949-ல் வெளிவந்தது. குப்பியோவின் வெண்கலத்தில் பழகிய கண்கள்தாம் பிறகு நம்முடைய பனையோலைகளின் பட்டியலையும் பார்த்தன.

தகடுகளில் இருப்பவை காவியமும் அல்ல, ராஜ சாசனமும் அல்ல. அத்தியேதியச் சகோதரர்கள் என்ற புரோகிதக் கூட்டம் நகரத்துக்காகச் செய்யவேண்டிய கிரியைகளின் பத்ததி. முதலில் சகுனம் பார்க்கவேண்டும். மரங்கொத்தி எந்தத் திசையிலிருந்து வரவேண்டும், காகம் எந்தத் திசையிலிருந்து வரவேண்டும் என்பதெல்லாம் வரையறுக்கப்பட்டிருக்கிறது. பிறகு நகரத்தின் மூன்று வாயில்களிலும் பலி. திரேபுலா வாயிலுக்கு முன்னால் யூப்பித்தர் கிராபோவியுஸ் என்ற தெய்வத்துக்கு மூன்று எருதுகள், அதே வாயிலுக்குப் பின்னால் வேறொரு தெய்வத்துக்குச் சினைப்பன்றிகள் மூன்று. இரண்டாவது வாயிலில் மார்ஸ் தெய்வத்துக்கு மூன்று எருதுகள், பின்புறத்தில் பால்குடி மாறாத பன்றிக்குட்டிகள் மூன்று. மூன்றாவது வாயிலில் நெற்றி வெளுத்த எருதுகள் மூன்று, பின்புறத்தில் ஆட்டுக்குட்டிகள் மூன்று. எந்த அடியில் குரலை உயர்த்தவேண்டும், எதை முணுமுணுக்கவேண்டும், எந்தக் கையில் எதைப் பிடிக்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டே போகும் அந்த வாசகம், நடுவில் ஏதேனும் குறை நேர்ந்தால் திரேபுலா வாயிலுக்குத் திரும்பிப் போய் ஆதியிலிருந்து மறுபடியும் தொடங்கவேண்டுமென்று விதிக்கிறது.

இவற்றுள் எல்லாவற்றிலும் சுவையான பகுதி, ஆயுதம் தாங்கிய ஜனங்களைத் திரட்டி அவர்களைச் சுத்தி செய்யும் சடங்கு. அதற்கு முன்னதாக, வேற்றூரார் எல்லைக்குள் இருந்தால் வெளியேறிவிட வேண்டுமென்று அறிவிக்கப்படுகிறது. பெயர் சொல்லி விலக்கப்படும் நான்கு கூட்டத்தாரில் எத்ருஸ்கர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பெரிய ஜாதியார், அஞ்சத் தக்கவர்கள். ஆனால் பட்டியலில் முதலில் நிற்பவர்கள் தாதினம் என்ற ஊரார். இன்று குவால்தோ தாதினோ என்று வழங்கும் பக்கத்து ஊர்தான் அது. உலகத்தில் எந்த ஊருக்கும் முதல் சத்துரு அடுத்த ஊரே என்பதற்கு இதைவிடப் பழைய ஆவணம் கிடைப்பது அரிது. இப்படி அந்நியரை விலக்கிய பிறகு, புரோகிதரும் இரண்டு உதவியாளரும் பலிப்பிராணிகளை ஓட்டிக்கொண்டு, கூடியிருக்கும் ஜனங்களை மூன்று முறை பிரதக்ஷிணமாகச் சுற்றி வருகிறார்கள். இந்த மூன்று சுற்றை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ரோமர்கள் வந்தார்கள், உம்பிரிய பாஷை போயிற்று. அவர்கள் காலத்து நாடகசாலை ஒன்று, மலைச்சரிவு முடிந்து சமவெளி தொடங்கும் இடத்தில், புல்வெளியின் நடுவே பாதி இடிந்து நிற்கிறது; கி.மு. முதல் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த அதைத் தம் சொந்தச் செலவில் சீர்ப்படுத்திய சத்ரியுஸ் ரூபுஸ் என்ற அதிகாரியின் பெயரைக் கல்வெட்டு காப்பாற்றி வைத்திருக்கிறது. அதற்குப் பிறகு வந்த பல நூற்றாண்டுகளின் அல்லல்களை, கோத்தர், லம்பார்டியர் முதலியோரின் படையெடுப்புகளை, விரித்துச் சொல்வதில் பயனில்லை. மத்திய இத்தாலியின் எல்லா ஊர்களுக்கும் பொதுவான கதை அது.

குப்பியோவின் சொந்தக் கதை மறுபடி ஆரம்பமாவது உபால்தோ பல்தஸ்ஸீனி என்ற பாதிரியாரோடு. 1129-ல் அந்நகரின் பிஷப்பாக நியமனம் பெற்றார். அதற்கு முன்பே பெரூஜா நகரத்தார் தங்களுக்கு பிஷப்பாக வரவேண்டுமென்று அழைத்தபோது, ஒளிந்துகொண்டு, பின்பு ரோமாபுரிக்கே சென்று போப்பரசரிடம் தம்மை விட்டுவிடும்படி வேண்டிக்கொண்டவர் அவர். அவருடைய சரித்திரத்தை, அடுத்து பிஷப் பதவிக்கு வந்த தேபால்தோ என்பவர் எழுதியிருக்கிறார். அதில் ஒரு சம்பவம் வருகிறது. நகர மதில் கட்டிக்கொண்டிருந்த கொத்தர்கள் பிஷப்பின் திராட்சைத் தோட்டத்தைச் சேதப்படுத்தினார்கள். அவர் போய்ச் சாந்தமாகக் கேட்க, மேஸ்திரி அவரைச் சுண்ணாம்புச் சாந்துக் குழியில் பிடித்துத் தள்ளிவிட்டான். பிஷப் எழுந்து, ஒன்றும் பேசாமல் வீட்டுக்குப் போனார். ஊரார் கொதித்தெழுந்து அந்த மேஸ்திரியை நாடுகடத்த வேண்டுமென்று கூச்சலிட்டபோது, தண்டனை விதிக்கும் அதிகாரம் தம்முடையதென்று சொல்லி அவனை முன்னே அழைத்து, முத்தமிட்டு அனுப்பிவிட்டார். இன்றைக்கு உபால்தோவின் திருவிழாவில் அவருடைய பெயரைத் தாங்கிய செரோ என்னும் உயரமான மரக்கூட்டைச் சுமக்கும் பாத்தியதை, மரபுப்படி கொத்தர் சங்கத்துக்கு உரியது.

1155-ல் சக்கரவர்த்தி பிரெடரிக் பார்பரோசா, ஸ்போலேத்தோ நகரத்தைக் கொளுத்திவிட்டு வடக்கே திரும்பியபோது, நோயுற்றுத் தளர்ந்திருந்த உபால்தோ எதிர்கொண்டு சென்று கெஞ்சியதால் குப்பியோ தப்பியதென்று தேபால்தோ எழுதுகிறார். 1160-ஆம் ஆண்டு மே மாதம் 16-ஆம் தேதி உபால்தோ இறந்தார். 1192-ல் புனிதராக அறிவிக்கப்பட்டார். 1194-ல் அவருடைய உடல் ஊரிலிருந்து இன்ஜீனோ மலைமேல் கொண்டுபோய் வைக்கப்பட்டது. மலைமேலிருக்கும் பசிலிக்காவில், பீடத்துக்கு மேலே, கண்ணாடிப் பேழையில் இன்றும் அது இருக்கிறது.

அவர் இறந்து எட்டுப் பத்துத் தலைமுறைகளுக்குள், ஊர் தன் கீர்த்தியின் உச்சத்தை எட்டிற்று. 1332-ல் தொடங்கி ஏறத்தாழ பதினேழு ஆண்டுகளில் எழுப்பிய பலாட்சோ தேய் கொன்சொலி என்னும் ஆட்சிமாளிகையை, சமவெளியில் எங்கிருந்து பார்த்தாலும் தவறவிட முடியாது. ஊரின் நான்கு பகுதிகளும் வந்து கூடும் இடத்தில்தான் ஆட்சி இருக்கவேண்டும், ஒரு பகுதிக்கு அதிக அண்மையும் மற்றொன்றுக்கு அதிகத் தூரமும் ஆகக் கூடாது என்று தீர்மானித்தார்கள். அந்த இடமோ செங்குத்தான சரிவு. மட்டமான நிலம் இல்லாவிட்டால் உண்டாக்கிக்கொள்வோம் என்று, பிரம்மாண்டமான கல் வளைவுகளை அடுக்கி நிறுத்தி, அவற்றின் தலைமேல் மாளிகையையும் அதன் எதிரே அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பெரிய சதுக்கத்தையும் அமைத்தார்கள். வாயிலில் அஞ்சலோ தா ஓர்வியேத்தோ என்ற சிற்பியின் பெயர் பொறித்திருக்கிறது. கோபுரத்திலுள்ள பெரிய மணியை, மணியடிப்பவர்கள் கைகளால் கயிறு இழுத்து அடிப்பதில்லை. மரச்சட்டங்களைப் பற்றிக்கொண்டு கால்களால் உந்தி அடிக்கிறார்கள். ஏழு தகடுகளும் வைக்கப்பட்டிருப்பது இந்த மாளிகையில்தான்.

இந்த மாளிகையின் சதுக்கத்தில்தான், ஒவ்வோர் ஆண்டும் மே 15-ஆம் தேதி, உபால்தோவின் நினைவு நாளுக்கு முந்திய நாள், குப்பியோவின் மகோற்சவம் நடைபெறுகிறது. எட்டுப் பட்டையுள்ள இரண்டு மரக்கூடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒரு நடுத்தண்டில் கோத்து, உச்சியில் ஒரு புனிதரின் சிறிய உருவத்தை வைத்தால் அது ஒரு செரோ. மெழுகுவர்த்தி என்று பெயர். ஒரு காலத்தில் உண்மையாகவே மெழுகுக் காணிக்கைதான். 1338-ஆம் ஆண்டின் நகரச் சட்டம், விழாவின் முன்தினம் தொழிற்சங்கத்தார் விளக்குகள் ஏந்தி ஊர்வலம் போகவேண்டிய கடமையைப் பேசுகிறது. பதினாறாம் நூற்றாண்டின் இறுதிவாக்கில் மெழுகு மரமாயிற்று. இன்றைய செரோ ஒவ்வொன்றும், தாங்கும் சட்டத்தோடு சேர்த்து, ஏறத்தாழ ஐந்து மீட்டர் உயரமும் 300 கிலோ கனமும் உள்ளது. மூன்று செரோக்கள்: முதலாவது கொத்தர்களின் உபால்தோ, மஞ்சள் சட்டை, இரண்டாவது வியாபாரிகளின் ஜியோர்ஜியோ, நீலச் சட்டை, மூன்றாவது குடியானவர்களின் அந்தோனியோ, கறுப்புச் சட்டை. எல்லாருக்கும் வெள்ளைக் கால்சட்டை, இடுப்பிலும் கழுத்திலும் சிவப்புத் துணி. இன்று சட்டையின் நிறத்தை நிர்ணயிப்பது தொழிலைவிடப் பிறப்புத்தான். தகப்பன் நீலமென்றால் மகனும் நீலம்.

விடியற்காலையில் முரசு கொட்டிக் கொண்டு போய்த் தலைவர்களை எழுப்புகிறார்கள். இறந்துபோன சுமப்பாளர்களின் கல்லறைக்குப் போய் வணங்குகிறார்கள். கொத்தர்களின் சிறு தேவாலயத்தில் பூஜை முடிந்து, அங்கே ஆண்டு முழுவதும் வைத்திருக்கும் மூன்று புனித உருவங்களையும் எடுத்து வருகிறார்கள். முற்பகலில் சதுக்கத்தில் கூட்டம் நிரம்பி, மாடி ஜன்னல்களிலும் கூரைகளிலும் வழிகிறது. படுத்திருக்கும் செரோவின் அடிச்சட்டத்தின்மேல், பதின்மர் தலைவன் என்று பெயர்பெற்ற மாலுமி போன்ற மனிதன் ஏறி நின்று, பெரிய பீங்கான் ஜாடியிலிருந்து தண்ணீரைப் பொருத்துமிடத்தில் கொட்டிவிட்டு, ஜாடியை வீசி எறிகிறான். அதே விநாடியில் செரோ ஒரே வீச்சில் நிமிர்ந்து நிற்கிறது. கீழே விழுந்து உடைந்த ஜாடியின் சில்லுகளுக்காக ஜனங்கள் முட்டி மோதுகிறார்கள். கிடைத்தவனுக்கு அந்த ஆண்டு நல்ல ஆண்டு. செரோக்கள் சதுக்கத்தின் நடுவிலுள்ள கொடிமரத்தை மூன்று முறை சுற்றுகின்றன. பிறகு ஆட்சிமாளிகையின் மண்டபத்தில் உப்பிட்ட காட் மீன் விருந்து.

மாலை 6 மணிக்கு ஓட்டம். பிஷப் ஆசீர்வதித்தவுடன், தோள்மேல் நிமிர்ந்து நிற்கும் செரோக்களோடு மூன்று கூட்டங்களும் குறுகலான கல்தெருக்களில் கீழ்நோக்கிப் பாய்கின்றன. முன்னால் குதிரையில் தலைவர்கள். பக்கங்களிலும் பின்னாலும் ஊரே ஓடுகிறது. அந்தச் சுமையை ஓடிக்கொண்டே நெடுந்தூரம் தாங்க எந்தத் தோளாலும் ஆகாது. ஆகையால் நூறு அடி, இருநூறு அடிக்கொரு முறை, நிற்காமல், வேகம் குறையாமல், ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்குச் சுமை மாறுகிறது. இந்த மாற்றத்தில்தான் செரோ சாய்வதும் விழுவதும் நேர்கிறது. ஊரைச் சுற்றிச் சதுக்கத்துக்கு வந்து மறுபடி சுற்றிவிட்டு, கடைசியாக மலைவாயிலைக் கடந்து, பல வளைவுகளாக மேலேறும் பாதையில், ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்தைச் சில நிமிஷங்களில் ஏறிப் பசிலிக்காவை அடைகிறார்கள். மொத்தம் நான்கு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம்.

வெளியூரிலிருந்து வந்தவன், யார் ஜயித்தார்கள் என்று கேட்பான். இந்தக் கேள்விக்கு ஊராரிடம் பதில் கிடையாது. எப்போதும் உபால்தோ முதலாவது, ஜியோர்ஜியோ இரண்டாவது, அந்தோனியோ மூன்றாவது. முந்துவது வழக்கமில்லை; தெருவின் அகலமும் அதற்கு இடங்கொடுக்காது. முன்னால் செல்பவர் விழுந்துவிட்டால் பின்னால் வருபவர் நின்று காத்திருக்க வேண்டியதுதான். எஞ்சியிருக்கும் ஒரே போட்டி பசிலிக்காவின் கதவில்: உள்ளே நுழைந்த உபால்தோவின் ஆட்கள் அடுத்தவர் வருமுன் கதவைச் சாத்திவிடப் பார்ப்பார்கள், சாத்த முடியாதபடி ஒட்டிக்கொண்டே வருவதில்தான் பின்னவரின் சாமர்த்தியம். ஆகவே ஆண்டு முழுவதும் ஊராரின் சர்ச்சை, எவன் முதலில் வந்தான் என்பதைப் பற்றியதல்ல. எந்த மூலையில் எந்தச் செரோ எவ்வளவு சாய்ந்தது, எந்த இடத்தில் எத்தனை கஜம் இடைவெளி விழுந்தது, எவனுடைய தோள் சரியாகக் கொடுத்தது என்பதைப் பற்றியே. போட்டி என்றால் ஒருவன் மற்றவனைத் தோற்கடித்தாக வேண்டும் என்ற எண்ணத்தில் ஊறிய நமக்கு இது விசித்திரமாகத் தோன்றலாம். என் அபிப்பிராயத்தில் இவ்விழா இத்தனை காலம் நீடித்ததற்குக் காரணமே இதுதான். வெற்றி தோல்வி உள்ள பந்தயங்களில், தோற்றுக்கொண்டே இருக்கும் கட்சி ஒரு நாள் விலகிக்கொள்ளும். இங்கே மூன்றாவதாக ஓடுகிறவனுக்கு இழக்க ஒன்றுமில்லை.

தகடுகளில் சொல்லிய மூன்று சுற்றையும் கொடிமரத்தைச் சுற்றும் மூன்று சுற்றையும் இணைத்துப் பார்க்கும் ஆசை, அறிஞர்களுக்கு வெகுநாளாகவே உண்டு. ஹெர்பர்ட் போவர் என்ற ஆங்கிலேயர் 1897-ல் இவ்விழாவைப் பற்றி ஒரு தனி நூலே எழுதினார்; உபால்தோவுக்கு முற்பட்ட ஏதோ ஒரு வசந்தகாலச் சடங்கின் எச்சம் இது என்ற கட்சியில் அவருக்குப் பற்று அதிகம். மூன்று வாயில், மூன்று மூன்று பிராணி, மூன்று சுற்று. மூன்று செரோ, மூன்று சுற்று. மனத்தைக் கவரும் ஒற்றுமைதான். ஆனால் தகடுகளின் கடைசி எழுத்துக்கும் உபால்தோவின் மரணத்துக்கும் நடுவே ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளி இருக்கிறது. அதை நிரப்ப ஒரு வரி சாசனமும் கிடையாது. மூன்று என்னும் எண் உலகத்தில் எந்தச் சடங்கிலும் அகப்படக் கூடியது. உபால்தோவின் விழாவுக்கு நிச்சயமான ஆதாரத்தோடு பல நூற்றாண்டு வயது இருக்கும்போது, ஊகத்தால் இன்னும் ஆயிரம் ஆண்டு கூட்டி அதன் பெருமையை உயர்த்த வேண்டிய அவசியம் இல்லை.

அதே உபால்தோவுக்கு, பிரான்ஸ் தேசத்து அல்சாஸில் தான் என்ற ஊரிலும் ஒரு விழா உண்டு. பிஷப்பின் வேலைக்காரன் ஒருவன் அவருடைய விரலின் ஒரு சிறு பகுதியைத் தன் கைத்தடியில் ஒளித்துக்கொண்டு வடக்கே போனான் என்றும், ஓய்வெடுத்த இடத்தில் ஊன்றிய தடி அசைய மறுத்ததென்றும், தேவதாரு மரங்களின்மேல் மூன்று ஒளிகள் தோன்றின என்றும் ஸ்தலபுராணம் சொல்கிறது. ஆண்டுதோறும் ஜூன் 30-ஆம் தேதி அங்கே மூன்று தேவதாரு மரங்களைக் கொளுத்துகிறார்கள். பென்சில்வேனியாவின் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் பிழைக்கப்போன குப்பியோக்காரர்கள் ஜெசப் என்ற ஊரில் தங்கள் செரோக்களை நிறுவிக்கொண்டார்கள். முதலாம் உலக யுத்தத்தில், 1917-ஆம் ஆண்டு மே மாதத்தில், ஆல்ப்ஸ் மலைப் போர்முனையிலே கோல் தி லானா சிகரத்தருகே இருந்த குப்பியோச் சிப்பாய்கள், கிடைத்த மரத்தைக்கொண்டு செரோ செய்து அங்கேயே ஓடினார்கள்.

பிரான்சிஸ்கு முனிவரைப் பற்றியும் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் குப்பியோக்காரர்கள் மன்னித்தாலும் மற்ற உலகம் மன்னிக்காது. தகப்பனாரைத் துறந்து அசிசியை விட்டு வெளியேறிய பிரான்சிஸ்குக்கு முதன்முதலாக ஆடை கொடுத்து ஆதரித்தது இவ்வூர் ஸ்பதலோங்கா குடும்பம். அந்த வீடு இருந்த இடத்தில் இன்று அவருடைய பெரிய தேவாலயம் நிற்கிறது. ஊரைப் பயமுறுத்திய ஓநாயிடம் அவர் போய்ப் பேசி, ஊரார் அதற்கு உணவு போடுவதென்றும் அது ஒருவரையும் தீண்டாதென்றும் ஒப்பந்தம் செய்துவைத்த கதை உலகப் பிரசித்தம். சமாதானம் அடைந்த ஓநாய் இறந்தபோது புதைக்கப்பட்ட இடமென்று காட்டப்படும் தேவாலயம் வேறெதுவுமல்ல, கொத்தர்களின் அந்தச் சிறு தேவாலயமே. 1872-ல் அங்கே பழுது பார்த்தபோது ஓநாயின் எலும்புக்கூடு ஒன்று அகப்பட்டதென்றும் சொல்கிறார்கள். ஓநாயைப் பொறுத்தவரையில் எனக்கு அவநம்பிக்கை இல்லை. அந்த மலைகளில் ஓநாய்கள் இன்றும் உண்டு.

1384-ல் குப்பியோ தன் சுதந்திரத்தை இழந்து, உர்பீனோவின் மோந்தேபெல்த்ரோ பிரபுக்களின் கைக்குப் போயிற்று. அந்த வம்சத்தின் சிறந்த மனிதரான பெதெரிகோ 1422-ல் பிறந்தது குப்பியோவின் எல்லைக்குட்பட்ட கோட்டை ஒன்றில். அவர் இங்கே கட்டிய அரண்மனையில் ஒரு சிறிய வாசிப்பறை இருந்தது. அதன் சுவர் முழுவதும் பலநிற மரத்துண்டுகளைப் பதித்து, பாதி திறந்த அலமாரிகள், அவற்றுள் புத்தகங்கள், வாத்தியங்கள், வானசாஸ்திரக் கருவிகள் எல்லாம் உண்மைபோலத் தோன்றும்படி செய்திருந்தார்கள். கைமாறிக் கைமாறி, 1939-ல் அந்த அறையை நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் மியூசியம் வாங்கிற்று. பிற்காலத்தில் ஒரு நகல் செய்து பழைய இடத்தில் வைத்திருக்கிறார்கள். நகல் நல்ல நகல்தான். ஆனால் மேய்ச்சல் வருமானத்தைக் கொடுத்து வெண்கலத்தை வாங்கிய ஊரிலிருந்தே அந்த அறை போயிற்று என்பது வருத்தந்தான். சொத்து நகரத்துக்கு உரியதாக இல்லாமல் பிரபுவுக்கு உரியதாக இருந்ததன் பலன்.

பிரபுக்கள் காலத்தில் தழைத்த தொழில் ஒன்று உண்டு. மஜ்ஜோரே ஏரிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய ஜியோர்ஜியோ ஆந்த்ரெயோலி என்ற குயவருக்கு 1498-ல் நகரம் குடியுரிமையும் வரிச்சலுகையும் அளித்தது. இருமுறை சுட்டு மெருகேற்றிய பீங்கான்மேல் செம்பும் வெள்ளியும் கலந்த குழம்பைப் பூசி, மூன்றாவது முறையாகப் புகை சூழ்ந்த மெல்லிய சூட்டில் வைத்தெடுத்தால், மாணிக்கச் சிவப்பும் பொன்னும் பளபளக்கும். அரேபியரிடமிருந்து ஸ்பெயின் வழியாக வந்த வித்தை அது. ஜியோர்ஜியோவின் மாணிக்கச் சிவப்பை நாடி மற்ற ஊர்க் குயவர்களும் தாங்கள் வரைந்த தட்டுகளை இங்கே அனுப்பினார்கள். அக்காலத்து மட்பாண்டக் கலை நூலை எழுதிய பிக்கோல்பாஸோ, இந்தச் சூளையில் வைத்த நூற்றில் சிலசமயம் ஆறுதான் தேறும் என்று கணக்குச் சொல்கிறார். ஆண்டும் கையெழுத்தும் இட்ட ஜியோர்ஜியோவின் தட்டுகள் இப்போது பெரும்பாலும் லண்டன் முதலிய அந்நிய நகரங்களின் மியூசியங்களில் இருக்கின்றன.

1631-ல் உர்பீனோ வம்சம் அற்றுப்போக, குப்பியோ போப்பரசரின் ராஜ்யத்தில் சேர்ந்தது. 1860-ல் இத்தாலியோடு இணைந்தது. இடைப்பட்ட காலத்தில் சொல்லும்படியாக ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காததால்தான் பழைய வீடுகளை இடித்துப் புதியவை கட்ட ஒருவருக்கும் பணம் இல்லாமல், பதினான்காம் நூற்றாண்டுத் தெருக்கள் அப்படியே நின்றன. அவற்றில் பல வீடுகளுக்குப் பெரிய வாயிலின் பக்கத்தில் தரைக்கு மேலே உயர்த்தி அமைத்த ஒரு குறுகிய வாயிலும் உண்டு. பிணத்தை மட்டும் அதன் வழியாக எடுத்துச் செல்வார்கள் என்று வழிகாட்டிகள் முகத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு சொல்வார்கள்; கீழே கடையும் மேலே குடியுமாக இருந்த வீட்டுக்கு மாடிப்படி வாயில் அது என்பதே நம்பத் தக்கது.

1944-ஆம் ஆண்டு ஜூன் 20-ஆம் தேதி, பின்வாங்கிக்கொண்டிருந்த ஜெர்மானியச் சேனையைச் சேர்ந்த ஒரு வைத்திய அதிகாரியை, ஊர்க் காப்பிக்கடை ஒன்றில் எதிர்ப்புக் கட்சியார் சுட்டுக் கொன்றார்கள். அப்போதிருந்த பிஷப் ஜெர்மானியரிடம் சென்று மன்றாடினார். 1155-ல் பலித்தது இப்போது பலிக்கவில்லை. ஜூன் 22-ஆம் தேதி காலையில், இச்சம்பவத்தில் யாதொரு சம்பந்தமுமில்லாத நாற்பது பேரை, பெண்களையும் சேர்த்து, ஊருக்கு வெளியே நிறுத்திச் சுட்டார்கள். பிரான்சிஸ்கு தேவாலயத்தின் முன்னுள்ள பெரிய சதுக்கத்துக்கு இன்று நாற்பது தியாகிகள் சதுக்கம் என்று பெயர்.

ஊரின் மற்ற விசேஷங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மே மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, சான்செபொல்க்ரோ நகரத்தாரோடு குறுக்குவில் எய்யும் போட்டி. இதில் வெற்றி தோல்வி உண்டு, கூச்சலும் உண்டு. பெரிய வெள்ளிக்கிழமை இரவு, மரக் கிலுக்குகளின் ஓசையும் இரண்டு பாடகர் கூட்டங்களின் இரக்கப் பாட்டுமாக, இறந்த கிறிஸ்துவின் ஊர்வலம். 1981 முதல் டிசம்பர் மாதத்தில் இன்ஜீனோ மலைச்சரிவு முழுவதும் விளக்குகளால் வரையப்படும் கிறிஸ்துமஸ் மரம். இவற்றோடு, ஒரு நீரூற்றை மூன்று முறை சுற்றி ஓடி அதன் தண்ணீரைத் தெளித்துக்கொண்டவனுக்குப் பைத்தியக்காரப் பட்டம் அளிக்கும் வழக்கமும் உண்டு. பட்டம் அச்சிட்ட காகிதத்தில் கிடைக்கும்.

ஊருக்குப் பின்புறத்தில் பொத்தச்சோனே என்ற மலையிடுக்கில், சாலையோரத்துச் செஞ்சுண்ணாம்புப் பாறையின் நடுவே ஒரு விரல் கனத்துக்கும் குறைவான களிமண் படிவு தெரியும். அதில் இரிடியம் என்னும் உலோகம் வழக்கத்தைவிட முப்பது மடங்கு இருப்பதை வால்ட்டர் ஆல்வாரெஸும் அவருடைய தந்தையும் இன்னும் இருவரும் 1980-ல் வெளியிட்டு, சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் விண்கல் மோதியே டைனோசார்கள் அழிந்தன என்று வாதித்தார்கள். எதிர்க்கட்சியார் நம்முடைய தக்காணத்து எரிமலைகளைக் குற்றஞ்சாட்டினார்கள். வழக்கு முழுவதும் தீர்ந்துவிட்டதாகச் சொல்வதற்கில்லை.

மே 15-ஆம் தேதி போகக்கூடியவர்கள் போகலாம்; ஆனால் கூட்டத்தில் நசுங்கத் தயாராக இருக்கவேண்டும், மாதக்கணக்கில் முன்னதாகவே தங்குமிடம் ஏற்பாடு செய்துகொள்ளவேண்டும். மற்ற நாட்களில் போகிறவர்கள் முதலில் ஆட்சிமாளிகைக்குச் சென்று ஏழு தகடுகளையும் பார்த்துவிட்டு, நின்றுகொண்டே ஏறிச்செல்லும் கம்பிக்கூடையில் மலைமேல் செல்லட்டும். மூன்று செரோக்களையும் மே மாத முதல் ஞாயிற்றுக்கிழமை கீழே கொண்டுவரும் வரையில், உபால்தோவின் பசிலிக்காவில்தான் வைத்திருக்கிறார்கள். அருகில் போய்ப் பார்க்க அனுமதி உண்டு.